வேலிக்கு வெளியே இருக்கும் கல்

மார்ச் 7, திங்கள்

பழைய டிராக்டர் இன்று என் கையால் உயிர் பெற்றது. மூன்று மெக்கானிக்குகள் கைவிட்ட வண்டி. (ஒருவன்தான் பார்த்தான், ஆனால் மூன்று பேர் பார்த்திருந்தாலும் கைவிட்டிருப்பார்கள்.)

பக்கவாதம் வந்த வெர்டி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். வலது கை அசையவில்லை, பேச்சு அடியோடு போய்விட்டது. மகள் கார்லீன் சாட்டனூகா நகரத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து கூடவே இருக்கிறாள். நான் தினமும் போய்க் கதை சொல்கிறேன். மாத்திரையைவிட என் கதைதான் அக்காவுக்கு நன்றாக வேலை செய்கிறது, கண்கூடாகத் தெரிகிறது.

மார்ச் 12

கார்லீன் இன்று அழுதாள். எல்லாம் அந்தக் கல்லை நினைத்து.

எங்கள் ப்ரூவிட் குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்தில் வேலிக்கு வெளியே, ஓக் மரத்தடியில் ஒரு கல் நிற்கிறது. ஓடையில் எடுத்த வெறும் கல், ஓர் எழுத்து கிடையாது. அதன் கீழே இருப்பவள் எங்கள் எல்லோருக்கும் மூத்தவள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி ஜனங்களைப் பட்டாளம் மேற்கே விரட்டிய வருஷம் அவள் மட்டும் எப்படியோ மலையில் தங்கிவிட்டாள். அவர்கள் விட்டுப்போன நிலத்தில் குடியேற வந்தவர் ஏசா ப்ரூவிட். அவளைக் கட்டிக்கொண்டார், ஆறு பிள்ளைகள் பெற்றார். ஆனாலும் செத்தபிறகு அவளுக்கு வேலிக்கு வெளியேதான் இடம். பெயரைச் சொல்லவும் வெட்கம். வீட்டுப் பெண்கள் மட்டும் காதோடு காதாகச் சொல்லி வந்த பெயர் கடைசியில் வெர்டியிடம் வந்து நின்றது. மே மாதம் சொந்தமெல்லாம் கூடிக் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் அலங்கார ஞாயிறன்று முதல் பூவை அக்கா அங்கேதான் வைப்பாள். பேர் என்ன என்று கேட்டால், "நேரம் வரட்டும், சொல்றேன்" என்பாள்.

நேரம் பிப்ரவரியில் வந்து போய்விட்டது.

"அம்மாவோட அந்தப் பேரும் போயிருமா மாமா?" என்றாள் கார்லீன்.

"நான் இருக்கறப்பவா?" என்றேன்.

மார்ச் 18

பழைய பதிவேட்டில் அவள் பெயரைத் தேடக் கோர்ட்டுக்குப் போனோம். அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் தீயில் போய்விட்டதாம். நீதிபதியையே பார்க்கிறேன் என்றேன். அவரும் நானும் சேர்ந்து மீன் பிடித்தவர்கள். ஹைவாசி ஆற்றில்தான், ஆளுக்கொரு கரையில். பார்க்க விடவில்லை.

மார்ச் 19

ஏசாவின் பைபிளில், குடும்ப விவரம் எழுதும் பக்கத்தில், மனைவியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'மனைவி' என்று எழுதியிருக்கிறது.

மார்ச் 26

இந்த யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது. நான் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போகவேண்டியது. சரியான பெயர் வந்ததும் அக்கா தலையாட்டவேண்டியது. இன்று நான்சி, சாலி, பெக்கி, ஐல்சி. வெறும் பெயரை எப்படிச் சொல்வது, ஒவ்வொருத்திக்கும் ஒரு கதையும் கட்டினேன். சாலி கரடி முதுகில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தாள். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 3, ஞாயிறு

கிடைத்துவிட்டது. குவாட்டி.

செரோக்கித் தலைவர் மகள் குவாட்டி அருவிக்குப் பின்னால் குகையில் ஒளிந்திருந்தாள் என்று ஆரம்பித்தேன். அக்கா தலையாட்டினாள். மறுபடி மறுபடி ஆட்டினாள், கண்ணில் நீர். கார்லீன் என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க வாய்க்குச் சக்கரைதான் போடணும் மாமா" என்றாள். சோளரொட்டியும் பீன்ஸும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். இந்தப் பெயர் எனக்குள் எங்கிருந்து வந்தது? அவளே வந்து காதில் சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 5

நெடுஞ்சாலை ஓரத்தில் மெழுகுவர்த்திக் கடை ஒன்று இருக்கிறது. பலகையில் பெரிய எழுத்தில் குவாட்டி என்று போட்டிருக்கிறது. பல வருஷமாக அந்த வழியாகத்தான் போகிறேன்.

பரவாயில்லை. அக்கா தலையாட்டினாளே.

ஏப்ரல் 8

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவங்க தலையாட்டுறத நம்பாதீங்க சார். இந்த நோய்ல ஆமாவும் இல்லையும் மாறி மாறி வரும்."

அவள் போனபின் அக்காவிடம் கேட்டேன். நான் உன் தம்பிதானே? இல்லை என்று தலையசைத்தாள். வெளியே பனி கொட்டுதா? வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஆமாம் என்கிறாள். உன் பேர் வெர்டிதானே என்றேன் — அதைக் கேட்டிருக்கக் கூடாது. என் சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னத்தச் சொல்லி நான் ஆத்துவேன்?

ஏப்ரல் 9

கார்லீனிடம் சொல்லிவிட்டேன்.

"கல்லுக்குச் சொல்லியாச்சு மாமா. பேரு வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க."

"நிறுத்தச் சொல்லு. அது நான் கட்டின பேரு."

"அம்மா அழுதாங்க. நான் பாத்தேன்."

"கடைப் பலகைல பாத்தது கார்லீன். சத்தியமா."

"கரடியும் பலகைல பாத்ததா?" என்று சிரித்தாள். "உங்களுக்கு அது சும்மா கெடச்சிருச்சுன்னு ஒத்துக்க மனசு வரல. அதுக்கும் ஒரு கதை வேணும்."

பங்காளி ஹாய்ட்டிடம் போனேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "டெல்மர் பொய் சொன்னேன்னு சொல்றான்னா அதுலயும் ஏதோ பொய் இருக்கு" என்று முடிதிருத்தும் கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

மே 15, அலங்கார ஞாயிறு

எல்லோரும் வந்திருந்தார்கள். மண் அணைத்து, பூ வைத்து, புல்லில் துணி விரித்துக் கோழிப் பொரியல். புதுக் கல் பளபளவென்று நின்றது. ஒவ்வொரு கல்லருகிலும் மூத்தவர் பெயர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வது எங்கள் வழக்கம். அக்கா சக்கர நாற்காலியில். ஆகவே நான்.

அந்தப் புதுக் கல்லருகே வந்ததும் எனக்கு வாய் திறக்கவில்லை. ஹாய்ட், "என்ன, பூனை நாக்கைத் தின்னுருச்சா?" என்றான். கார்லீனே சொன்னாள். நாற்பது ஐம்பது குரல் 'குவாட்டி' என்றது. அக்கா அழுதாள். சந்தோஷத்திலா, என் மேல் ஆத்திரத்திலா?

ஜூன் 20

யாரோ கல்லைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். அன்று செரோக்கி ஜனங்களை விரட்டிக் கொண்டுபோய் விட்ட ஓக்லஹோமாவில், தாலக்வா ஊரிலிருந்து கார்லீனுக்குப் போன். ரோவீனா ப்ளாக்ஃபாக்ஸ் என்று ஒரு செரோக்கி அம்மாள், எண்பது வயதாம். வருகிறார்கள்.

ஜூலை 9, சனி

பேரன் காரை ஓட்டிவர, ரோவீனா அம்மாள் வந்து இறங்கினார்கள். மேட்டில் ஏற நான் கை கொடுத்தேன். வழியிலேயே சொன்னார்கள்:

"பட்டாளம் வந்த அன்னைக்கு எங்க குவாட்டி கைக்குழந்தையத் தங்கச்சிகிட்டக் குடுத்துட்டு, கட்டியிருக்கற பசுவ அவுத்துவிட்டு வரேன்னு போனா தம்பி. திரும்பல. அந்தக் குழந்தை வழிதான் நாங்க. அன்னையிலருந்து தேடறோம்."

நின்றுவிட்டேன். "அம்மா, இது உங்க குவாட்டி இல்ல. யாருன்னே தெரியாது. அந்தப் பேர நான் ஒரு கடைப் பலகைல பாத்தேன்."

அவர்கள் என் கையைத் தட்டிக்கொடுத்தார்கள். "உங்க மருமக போன்லயே சொல்லிட்டா. மாமா விளையாட்டாப் பேசுவாரு, கண்டுக்காதீங்கன்னு."

கல்லருகே வெகுநேரம் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடந்ததையெல்லாம் ஒப்பிப்பதுபோல் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "எப்படி இருப்பாளாம்? உங்க வீட்ல ஏதாச்சும் சொல்வாங்களா?" என்றார்கள்.

கரடி, குகை, அருவி, ஒன்றும் வரவில்லை. தெரியாதும்மா என்றேன்.

"பாவம், எப்படித் தெரியும்" என்றார்கள்.

ஜூலை 30

செப்டம்பரில் பதினாலு பேர் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்களாம். கார்லீன் யார் யாரை எங்கே படுக்கவைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்தால் அக்கா கண்ணை மூடிக்கொள்கிறாள். கதை சொல்வதை விட்டுவிட்டேன்.

அவளையும் உள்ளே சேர்த்துக்கொள்ள வேலியை நகர்த்துவதென்று குடும்பம் முடிவு செய்திருக்கிறது. இன்று கம்பத்துக்குக் குழி தோண்டப் போனேன். எல்லாம் பாறை, இரண்டுதான் முடிந்தது. பழைய ஓடைக்கல்லைப் பிடுங்கி ஓக் மரத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதன் எதிரில் உட்கார்ந்து, உன் பேர் என்னம்மா என்று கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.