தகரப் பெட்டியில் இருந்த வெல்ல உருண்டை

என் வம்புக்கார அத்தைக்கு,

உங்கள் குண்டனுக்கும் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தை நக்கி நக்கிக் காலி செய்தான், ஆள் பாதியாய் இளைத்தான். மறையூர் மிருகாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும் என்றார். வளர்த்தவர் புத்திதானே பூனைக்கும் வரும்?

உங்கள் சர்க்கரை மெஷினில்தான் அவன் காது ஓரத்தில் குத்திச் சொட்டு ரத்தம் பார்க்கிறேன். ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களே, அவனும் அப்படியே. பிடரித் தோலைத் தூக்கும்போதெல்லாம் உங்கள் நினைப்புத்தான்.

போன வாரம் ஒரு தப்புச் செய்தேன் அத்தை. முதலில் சாப்பாடு, தின்று முடித்த பிறகே ஊசி என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்கோ உங்களுக்குப் போட்டுப் போட்டு வந்த பழக்கம்: ஊசி, அரைமணி நேரம், பிறகு இட்லி. அதே கணக்கில் அவனுக்கும் போட்டுவிட்டேன். அரைமணி கழித்து மீனை வைத்தால் மோந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நடை தள்ளாடி, அடுப்படியில் சரிந்தான். கடைசியாக என் கையைப் பிடித்து நீங்கள் ஒப்படைத்த உயிர்.

டாக்டருக்குப் போன் போட்டேன்.

“வீட்டில சர்க்கர உண்டோ?” என்றார்.

“உண்டு சார்! அதுக்குத்தானே ஊசி போடுதோம்!”

“வியாதியை அல்ல அம்மா கேட்டது! வெல்லம், வெல்லம்! கலக்கி ஈறில தேய்க்கணும்!”

இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியும், மலையாளத்தில் சர்க்கர என்றால் வெல்லம் என்பது அந்த நேரத்தில் மறந்துபோனது.

ஊரெல்லாம் வெல்லம் காய்ச்சுகிற மணம். நம் வீட்டில் மட்டும் வெல்லமும் இல்லை, சீனியும் இல்லை. நீங்கள் திருடித் தின்கிறீர்கள் என்று நான்தானே நிறுத்தினேன்? தலையணை உறைக்குள், உரலுக்குப் பின்னால் என்று எங்கே ஒளித்தாலும் பிடுங்கிவிடுவேன். “ஏட்டி, செத்த பொறவா திங்கப் போறேன்?” என்பீர்கள்.

ஒன்று மட்டும் என் கைக்குத் தப்பிவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் பார்த்தேன், பாலித்தீன் பையில் மூன்று முடிச்சுப் போட்ட ஓர் உருண்டை. எறிய மனம் வராமல் மூடிவிட்டேன். அன்றைக்கு ஓடிப்போய் அதைத்தான் உடைத்தேன். தேய்க்கத் தேய்க்கக் குண்டன் மெல்ல நாக்கை நீட்டினான். நான் ஓவென்று அழுதேன். ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், தேறிவிட்டான்.

உங்களைக் காப்பாற்றத்தான் பறித்தேன் அத்தை. ஒரு பொங்கலுக்காவது ஒரு துண்டு தந்திருக்கலாமோ?

இனிமேல் சாப்பாடு முதலில், ஊசி பிறகு. குண்டன் மேல் சத்தியம். மீதி உருண்டையை உங்களைப் போலவே மூன்று முடிச்சுப் போட்டு, அதே சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும், அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

உங்களிடம் தோற்றுப்போன மருமகள்,
செல்வி