மாட்டைக் காத்த தோல்

பாய்,

ஆம்பூரில் என் மகள் கட்டும் வீட்டில் இன்று ஒயரிங் வேலை. எலக்ட்ரீஷியன் ஒயர் முனையைச் சீவி, கண்ணாடி போன்ற சின்னக் கனெக்டருக்குள் தள்ளினார். முறுக்கவில்லை, டேப் சுற்றவில்லை. "அவ்ளோதான் பெரியவரே" என்றார். என் கை தானாகப் போய் ஒயரை இழுத்துப் பார்த்தது. வரவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

எண்பதுகளில் தோல் பதனிடும் நம் டேனரியில் நீ ஒயர்மேன், எனக்குத் தோல் சுழலும் மர டிரம்மில் வேலை. அங்கே எதற்கும் தோல்தான் மருந்து. தூக்குச்சட்டி பிடி அறுந்தால் தோல் வார், சைக்கிள் சீட் கிழிந்தால் தோல் ஒட்டு. மேஸ்திரி தன் ஆட்டைக்கூடத் தோல் வாரில்தான் கட்டினார். ஆடு அதை மென்று தின்றுவிட்டு ஓடியது தனிக்கதை.

அந்த வெள்ளிக்கிழமை நீ தொழுகைக்குப் போயிருந்தாய். டிரம்மைக் கழுவ நான் உள்ளே இறங்க வேண்டும். கை விளக்கின் ஒயர் அறுந்திருந்தது, டேப்பும் இல்லை. மேஸ்திரி ஒயரை முறுக்கி, ஈரத்தோல் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினார்.

"தோலு இருக்கறப்போ டேப்பு இன்னாத்துக்கு? எறங்குடா."

ஒயரைப் பிடித்தபடி டிரம்முக்குள் தேங்கிய உப்புத் தண்ணீரில் கால் வைத்தேன். அவர் கை சுவிட்சுக்குப் போனது.

"போடாத!"

வாசலில் நீ, தலையில் தொப்பியோடு. ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாய். ஒயரை இழுத்தாய். ஒரே இழுப்பில் ஒட்டு கையோடு வந்தது.

"தோலுல கரண்ட் பாயாதே பாய்" என்றார் மேஸ்திரி.

"உப்புல ஊறுன தோலுல பாயும் மேஸ்திரி! மாட்டக் காப்பாத்துச்சு, இவனையும் காப்பாத்தும்னு நெனச்சீங்களா?" பிறகு என் பக்கம் திரும்பினாய். "டேய், நானே போட்ட ஒயரா இருந்தாலும் கரண்ட்ட நிறுத்தி, இழுத்துப் பாத்துட்டுத் தொடு."

எனக்குக் கல்யாணமான புதிது. மறுநாள் என் மனைவி அதிரசம் கொடுத்தனுப்பினாள். "ஒயரு இழுத்ததுக்கே அதிரசமா? மோட்டார் மாத்துனா இன்னா தருவ?" என்று கேட்டாய். கடைசி அதிரசம் வரை யாருக்கும் பங்கு தரவில்லை.

இந்த மகள் அதற்குப் பிறகு பிறந்தவள்.

எலக்ட்ரீஷியன் டீ குடிக்கப் போனதும் மெயினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தேன். மகள் வந்து நின்றாள்.

"இன்னாப்பா, அவர நம்ப மாட்டியா?"

"அவர நம்பறேம்மா. இது பாய்க்காக" என்றேன்.