வற்றாத கிணற்றுத் தண்ணீர்

பக்கத்து வீட்டில் நெருஞ்சில் கஷாயம் கொதிக்கிற மணம் வந்தது. அங்கே யாருக்கோ கால் வீக்கமாம். மதிலுக்கு இப்பால் நின்று, "எந்தத் தண்ணியில காய்ச்சுதிய?" என்று கேட்டேன். குழாய்த் தண்ணீர் என்றார்கள். நிம்மதியாக வந்து உட்கார்ந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது.

இருபது வயசு தாண்டி, குழித்துறையிலிருந்து நீ இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தாய். நான் மூத்தவள். தோவாளைக்குக் கிழக்கே, மலையடிவாரத்துப் பாறையை உடைத்து வெட்டிய கிணறு நம்முடையது. கோடையிலும் வற்றாது, தண்ணீர் இனிக்கும். மாமிக்கு அதில் தலைகொள்ளாத பெருமை. ஆனால் வீட்டில் பிறந்தவர்கள் எல்லோருக்கும், வெற்றிலையைத் தொடாத பிள்ளைகளுக்கும்கூட, பல்லில் பழுப்புக் கறை. நானும் அந்தப் பக்கத்தில் பிறந்தவள்தானே, எனக்கும் உண்டு. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்போம். ஊரார் அதை அடக்கம் என்று மெச்சினார்கள்.

"இது வெள்ளத்தோட கோளாறா அக்கா?" என்று வந்த புதிதில் கேட்டாய். தண்ணீரை வெள்ளம் என்பது உன் ஊர்ப் பேச்சு. மாமி விடுவாளா? "இங்க மழையே கொறவு, இவளுக்கு வெள்ளம் வேணுமாம்" என்றாள்.

வருஷங்கள் போயும் உன் பல் வெள்ளையாகவே இருந்தது. மாமிக்கு அதுவே சாட்சியாகிவிட்டது. "தண்ணியில கொறையிருந்தா இவ பல்லு இப்பிடி இருக்குமா?" என்பாள். நீயும் நம்பினாய், நானும் நம்பினேன். வளர்ந்து முடிந்த பல்லில் அந்தக் கறை ஏறாது என்று நமக்கு யார் சொன்னார்கள்?

பிறகு உன் இடுப்பு விறைத்தது. காலையில் கண்ணிமை வீங்கியது, பாதத்தை அழுத்தினால் குழி விழுந்தது, நீர் பிரிவதும் குறைந்தது. வைத்தியர் நெருஞ்சிலும் சிறுபீளையும் தந்து, எட்டில் ஒன்றாக வற்றக் காய்ச்சச் சொன்னார். நம் கிணற்று நீரிலேயே காய்ச்சினோம். வீக்கம் கூடியதே தவிர வடியவில்லை.

கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினோம். டாக்டரம்மா உன்னைச் சோதித்துவிட்டு, கூட வந்த எங்கள் பல்லைப் பார்த்தார். "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். பாறையிலிருந்து ஃபுளோரைடு என்றொரு உப்பு தண்ணீரில் இறங்குமாம், நாக்குக்குத் தெரியாதாம். அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை, அது தளர்ந்தால் உப்பு உடம்பிலேயே தங்கிவிடும் என்றார். சிறுநீரகத்தைக் கெடுத்ததே அதுதான் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் கெட்ட சிறுநீரகத்துக்கு இந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது என்றும் சொன்னார். காய்ச்சினாலும் போகாது, வற்ற வற்ற இன்னும் கடுமையாகும். ஊருக்கு வெளியே ஓடுகிற கால்வாயில் ஆற்றுத் தண்ணீர்தானே, அதைக் குடியுங்கள் என்றார்.

வண்டியில் நீ கேட்டாய். "அப்போ எல்லாத்தையும் வத்தவச்சு எனக்கே தந்தோமா அக்கா?"

உன் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் அந்தக் கிணற்றைக் கல்லைப் போட்டு மூடிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. என் மகள் அப்போது கைக்குழந்தை. "எனக்கு இனி மாறாது. கொச்சுக்கு இந்த வெள்ளம் குடுக்காண்டாம்" என்றாய்.

மறுநாள் வீங்கிய காலோடு குடத்தை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குக் கிளம்பினாய். மாமி வாசலில் மறித்தாள். "நம்ம கெணத்தப் பாத்து ஊரு சிரிக்கணுமா?"

"ஊரு சிரிக்கட்டு மாமி. நம்ம கொச்சும் வாய் பொத்தாம சிரிக்கட்டு" என்றாய்.

மாமி வழிவிட்டாள். திரும்பி வரும்போது நான் எதிரே வந்து குடத்தை வாங்கிக்கொண்டேன். அடுத்த மழைக்காலத்தை நீ பார்க்கவில்லை. அதன் பிறகு மாமியும் கால்வாய்த் தண்ணீரில்தான் உலை வைத்தாள்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர். வகுப்பறைக்கு வெளியே கேட்கும்படி சிரிப்பாள், பல்லெல்லாம் வெள்ளை. அவளோடு சேர்ந்து சிரிக்கும்போது என் கை பழக்கத்தில் வாய்க்குப் போகும். உன்னை நினைத்துக் கீழே இறக்கிவிடுகிறேன்.