தலைமாட்டுக்கு ஒரு மறைநூல்

மகளுக்கு,

ஸஃபெத் மலையில் இன்னும் குளிர் விடவில்லை. மொராக்கோவிலிருந்து வந்தபோது உன் அப்பா கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த நம் யூத மறைநூல் பத்திரமாக இருக்கிறது. லிவோர்னோ நகரில் அச்சான அபூர்வப் பதிப்பாம், ஒரு வியாபாரி விலை பேச வந்தான். "உன் பொண்டாட்டிக்கு வலி வந்தா தலைமாட்டுல காசையா வைப்பே?" என்றேன். எழுந்து போய்விட்டான்.

இந்தத் தெருவில் வலி கண்ட பெண்களின் தலைமாட்டுக்கெல்லாம், சுகப்பிரசவம் ஆகட்டும் என்று, இந்த நூல்தான் போயிருக்கிறது. கேட்டவர்களுக்கு இல்லையென்று நான் சொன்னதே இல்லை.

நேற்று பக்கத்து வீட்டு ஃப்ரேஹா தன் மருமகளுக்காகக் கேட்டாள். அட்டை பிய்ந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டேன்.

"யாருக்குடி ஒளிச்சு வெச்சிருக்கே? உன் மகதான் இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு சண்டை போட்டுட்டுப் போனவளாச்சே!" என்றாள்.

நீ மாசமாக இருப்பதைப் போன வாரம் எனக்குச் சொன்னவளும் அவள்தான். முன்பே தெரியும் என்பதுபோல் தலையாட்டி வைத்தேன்.

அவள் மருமகளை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது. இன்று மாலை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். குழந்தை பிறந்ததும் நூல் திரும்பி வந்துவிடும்.

நீ அதைக் கேட்க வேண்டாம், என்னை உள்ளே கூப்பிடவும் வேண்டாம். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் எழுது. வெளியே பெஞ்சில், அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்னமும் உன்
அம்மா