அடுத்த பிளேன்

ஸ்பிரிங்வேல், மெல்பேர்ண்
3.3.1974

என் அன்பு அக்கா,

வந்து சேர்ந்த அலுப்பில் எழுதப் பிந்திவிட்டது, கோபிக்காதீர்கள். இவரும் நானும் சுகம்.

கமலினியைப் பற்றித்தான் கவலை. ஒரு வயதில் உங்கள் கையில் விட்டு வந்த பிள்ளை, நாலு வயதில் கூட்டி வந்தால் என்னை ‘அன்ரி’ என்கிறாள். அது போகட்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உங்கள் கழுத்தை விடாமல் கத்தினாளே, “பெரியம்மா அடுத்த பிளேனில வருவா” என்று சொல்லித்தானே பிரித்தெடுத்தேன்? அழுகிற பிள்ளைக்கு நம் வீடுகளில் எல்லாரும் சொல்கிறதுதான். இங்கே பக்கத்தில் சின்ன பிளேன்கள் ஓட்டிப் பழகுகிற இடம் இருக்கிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்கிறாள்.

நான் என்ன செய்ய?

ரஞ்சினி

கொக்குவில்
20.3.1974

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினியில் அடுப்படியில் இருந்து அழுதேன். உனக்கு ஒளித்து என்ன.

சமைக்கும்போது அவளைப் பக்கத்தில் இருத்திப் போஞ்சிக்காய் முறிக்கக் கொடு. கை வேலையாக இருந்தால் மனதில் உள்ளதைத் தானாகச் சொல்லுவாள். அழுதால் சொக்லேட் கொடுத்து வாயை மூடாதே. மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இரு. உனக்குப் பொறுமை குறைவு, அதனால் சொல்கிறேன்.

நான் வரமாட்டேன் என்பதையும் சொல்லிவிடு.

அக்கா இராஜேஸ்வரி

ஸ்பிரிங்வேல்
2.5.1974

அன்பு அக்கா,

போஞ்சி முறிக்கிறாள். கதைக்கவும் தொடங்கிவிட்டாள். சமைத்ததும் “இது பெரியம்மாவுக்கு” என்று ஒரு கோப்பையில் எடுத்து வைக்கச் சொல்கிறாள். நேற்று மழையில் நனைந்தபடி நின்று காய்ச்சல். இவரோ, “விடும், தானா மறந்திடும்” என்கிறார்.

பொய் சொன்னவள் நான். இப்போதுதான் என் சேலையைப் பிடிக்கப் பழகியிருக்கிறாள். உண்மை தெரிந்தால் அதையும் விட்டுவிடுவாள் என்று பயமாக இருக்கிறது.

ரஞ்சினி

கொக்குவில்
19.5.1974

ரஞ்சினி,

காய்ச்சல் மாறிவிட்டதா? இனியும் நிற்கவிடாதே. ‘பெரியம்மா வாறன் எண்டு எனக்கும் சொன்னவ, இப்ப வரமாட்டன் எண்டிட்டா’ என்று சொல். கோபம் என்மேல் விழட்டும். நான் தூரத்தில் இருக்கிறேன். அவளோடு சீவிக்கப் போகிறவள் நீ.

அக்கா

ஸ்பிரிங்வேல்
16.6.1974

அக்கா,

நீங்கள் சொன்னபடியே சொல்லிவிட்டேன். என் கையைக் கடித்தாள், மூச்சு முட்ட அழுதாள். நான் பேசாமல் மடியில் வைத்திருந்தேன். அப்படியே நித்திரையாகிவிட்டாள். காலையில், “அம்மா, தேத்தண்ணி தாங்கோ” என்றாள். அம்மா என்றாள், அக்கா.

பிறகு சுவரில் இருந்த உங்கள் படத்தைக் கழற்றச் சொன்னாள். “அவ கூடாது. அவவின்ர கதை வேண்டாம்.” அப்படியில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் ஒரு சொல் எழுதுங்கள், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ரஞ்சினி

கொக்குவில்
3.7.1974

அன்புத் தங்கச்சி,

சொல்லாதே. இப்போது சொன்னால் அவளுக்கு நானும் இல்லை, நீயும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு நான் தைத்த ஒரு சட்டை அனுப்புகிறேன். கடையில் வாங்கியதென்று சொல்லிப் போட்டுவிடு. அங்கே என் கதையே வேண்டாம்; இனி நான் எழுதவில்லை, நீயும் எழுத வேண்டாம்.

சட்டை அளவாக இருந்ததா என்று மட்டும் ஒருமுறை எழுது.

அக்கா