ஜெனரேட்டருக்கு வைத்த பொட்டு

வீட்டுப் பின்புறம் முழுக்க இன்று பெட்ரோல் வாடை. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் என் கையை விட்டுப் போகவில்லை. காலையில் பகாவ் டவுனிலிருந்து மெக்கானிக் வந்து உங்கள் ஜெனரேட்டரைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போனார். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உங்கள் மேல் எனக்கு ஒரே ஒரு கோபம்தான். இன்று காலையில் அது வேறு கோபமாகிவிட்டது. நேரில் கத்தலாம் என்றால் நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஜெனரேட்டரை வாங்கப் போன நாள் நினைவிருக்கிறதா? முப்பது வருடம் தோட்டத்து லோரி ஓட்டி, ஓயாமல் சிகரெட்டும் பிடித்து, நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு, மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷினுமாக நீங்கள் வீட்டோடு உட்கார்ந்த புதிது. நம் தோட்டத்துக்குக் கரண்ட் கம்பி செம்பனை மரங்களுக்குள் புகுந்து வருகிறது. காற்று பலமாக அடித்தால் எங்காவது ஒரு மரம் சாயும். பகாவ் கடைத்தெருவுக்கு விளக்கு வந்த பிறகும் நாம் இருட்டில் கிடப்போம். மெஷின் நின்றால் உங்கள் மூச்சு என்னாவது?

பெரியதாக வாங்குங்கள், ஐஸ்பெட்டியும் டிவியும் சேர்ந்து ஓடட்டும் என்றேன். கடைக்காரச் சீனரும் என் பக்கம்தான் பேசினார். நீங்களோ மெஷினின் முதுகில் ஒட்டியிருந்த வாட் கணக்கைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தீர்கள். மெஷினும் ஒரு காத்தாடியும் ஓடினால் போதும், கரண்ட் ஏறி இறங்காமல் வர வேண்டும், இன்வெர்ட்டர் வகை காட்டு என்று மலாயில் அவரிடம் அடித்துப் பேசினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"கயித்த இழு."

"நானா? அத்தன பேரு பாக்குறாங்க!"

"இழுலா. நான் படுத்துக் கெடக்குறப்ப யாரு இழுப்பா?"

பெரியது அசையவே இல்லை. மூன்றாவதாகக் காட்டிய சிறியது இரண்டாவது இழுப்பில் உறுமியது. கடைக்கார டௌக்கே கைதட்டிச் சிரித்தார். "இதுதான்" என்றீர்கள். என் கை வலுவுக்கு ஏற்ற மாதிரி பார்த்து வாங்கினீர்கள். அன்றைக்கு எனக்கு வெட்கம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது உங்கள் அமர்க்களம். ஞாயிற்றுக்கிழமைதோறும் காத்தாடியை மாட்டிப் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். எண்ணெய் பார்க்க வேண்டும். பெட்ரோலைத் தேங்க விடக்கூடாது. ஜன்னலுக்குத் தள்ளி, பின்னால் போட்ட தகரக் கூரைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். மழை வருகிறதே, அடுப்படியில் வைக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டதற்கு, "கரண்ட் இல்லாம பொழச்சாலும் பொகையில செத்துருவேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள், இருமினீர்கள், மறுபடியும் சிரித்தீர்கள். பெற்ற பிள்ளையைக்கூட நீங்கள் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. எரிச்சலில் நான் அதற்கு 'உங்க மருமக' என்று பெயர் வைத்தேன்.

அப்புறம் ஆயுத பூசை வந்தது. நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தீர்கள். நீலாயிலிருந்து வந்த மகன் வாசலில் தண்ணீர் பீய்ச்சிக் காரைக் கழுவினான். மாலை போட்டான். பின்னால் உங்கள் ஜெனரேட்டர் மட்டும் தூசும் எண்ணெய்ப் பிசுக்குமாக நின்றது. பூசை நாளில் அழுக்கோடு விடலாமா? அவன் வைத்துவிட்டுப் போன குழாயை நானே இழுத்து வந்து மேலும் கீழும் சுற்றிச் சுற்றி அடித்தேன். பிறகு துடைத்து, விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்தேன்.

"என்னா பண்ற அங்க?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தீர்கள்.

"உங்க மருமகளுக்குப் பொட்டு வெக்கிறேன்!"

நீங்கள் சிரித்தது கேட்டது. தண்ணீர் அடித்ததை நான் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை, சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அடுத்த இரண்டு ஞாயிறும் படுத்தபடியே ஓட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். "அதான் பளபளன்னு இருக்குல்ல" என்று தட்டிக்கழித்தேன்.

மூன்றாவது வாரம் அந்தப் புயல் காற்று. சாயங்காலம் நான்கு மணிக்கே வானம் கறுத்துவிட்டது. கரண்ட் போய், ஆக்ஸிஜன் மெஷின் ஒரு தடவை அலறிவிட்டு நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டிவிட்டேன். அது அரை மணி நேரம்தான் தாங்கும். வெளியே போகும் பாதையில் மரம் விழுந்து கிடந்தது. ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், உள்ளங்கை தோல் உரியும்வரை இழுத்தேன். அது இருமக்கூட இல்லை. நீங்கள் சிலிண்டரோடு பின்வாசல் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, கார்பரேட்டருக்கு அடியில் உள்ள திருகைக் கழற்றச் சொன்னீர்கள். வடிந்ததைக் கோப்பி கிளாஸில் பிடித்து வந்து கொடுத்தேன். அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தீர்கள். எனக்கு மூக்குக்கண்ணாடியும் இல்லை, நிதானமும் இல்லை, உங்கள் உதடு நீலமாவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழைய பெட்ரோலு" என்றீர்கள். "நாந்தான் மாத்தாம விட்டுட்டேன். கீழ ஊத்திரு."

ஊற்றினேன். மறுபடியும் இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மரத்தை வெட்டி ஒதுக்கி உங்களை வேனில் ஏற்றியபோது உங்களுக்கு நினைவு பாதிதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தீர்கள். அந்த ஒன்பது நாளும் நான் என்ன செய்தேன்? திட்டினேன். "ஊருக்கெல்லாம் பாடம் சொன்னீங்களே, பெட்ரோல மாத்த முடியலயா?" என்று கட்டிலருகே நின்று கேட்டேன். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டீர்கள். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லி அழுதேன். மகனும் நம்பினான். சாக்கைப் போட்டு மூடிய ஜெனரேட்டரை அப்புறம் யாரும் தொடவில்லை.

அதை விற்றுவிடலாம் என்று மகன் சொன்னதால்தான் இன்று மெக்கானிக் வந்தார். டாங்கியிலிருந்து ஒரு கிளாஸில் பிடித்து என் முன்னால் வைத்தார். மேலே மங்கிய மஞ்சளாகப் பெட்ரோல். அடியில் தனியாக, தெளிவாகத் தண்ணீர்.

"ஆன்ட்டி, இதுக்குத் தண்ணி அடிச்சீங்களா? டாங்கி மூடியில காத்து ஓட்ட இருக்கு, அது வழியா எறங்கியிருக்கு. காத்து ஃபில்ட்டரும் ஊறி மக்கிப் போயிருக்கு. இப்படியானா முழுசாப் பிரிச்சுக் காய வெச்சாத்தான் ஓடும்."

"பாத்தவொடனே தெரியுமா?" என்று கேட்டேன்.

"இஞ்சின் தொட்ட யாருக்கும் தெரியும்லா."

முப்பது வருடம் லோரியைப் பிரித்து மாட்டிய மனுஷன் நீங்கள். உங்களுக்குத் தெரியாதா? பொட்டு வைத்தேன் என்று நானே கத்திச் சொன்னேனே. கிளாஸைத் தூக்கியதும் எல்லாம் விளங்கியிருக்கும். விளங்கியும் ஊற்றச் சொன்னீர்கள். நான் திட்டத் திட்டத் தலையாட்டினீர்கள். யார் கேட்டார்கள் இந்தப் பெருந்தன்மையை? "அடி முட்டாளே, இஞ்சினுக்குத் தண்ணி அடிச்சியா?" என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நானும் காலைப் பிடித்து அழுதிருப்பேன். மன்னிப்புக் கேட்க ஒன்பது நாள் இருந்தது எனக்கு. அதை நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள்.

மத்தியானம் மகனுக்குப் போன் போட்டேன். "அப்பா மேல தப்பில்லப்பா. நான்தான் ஜெனரேட்டர் மேல தண்ணி பீய்ச்சினேன், ஓட்டியும் பாக்கல" என்றேன். "விடுங்கம்மா" என்றான். விடமாட்டேன். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லப் போகிறேன். ஜெனரேட்டரை விற்கவும் மாட்டேன். மெக்கானிக் சுத்தம் செய்து கொடுத்ததும் நானே இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் ஓடியது.

பழி என்னுடையது, இனி நானே வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சிலிண்டர் தீர்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், மிச்சமிருந்த மூச்சை எனக்காகப் பொய் சொல்லவா செலவழித்தீர்கள்? அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.