குறிப்பு இல்லை

ஜூன் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் அத்தான், உன் மருமகன் மூவரும் நலம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பாப்பா, எல்லாருக்கும் மேலாக அப்பா, சுகம்தானே? முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறாரா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாரா?

போன் இருக்க இவள் ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த மாதம் எங்கள் குழுவுக்கு மாகாண அரசின் குடிநீர்த் துறைக் கணக்கு. கிழக்குக் கோட்ட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். மின்விசிறி சுற்றினால் காகிதம் பறக்கிறது, நிறுத்தினால் நாங்கள் வெந்துபோகிறோம். ஃபைல் கேட்டால் டீ வருகிறது. மறுபடி கேட்டால் பிஸ்கட்டும் சேர்ந்து வருகிறது. ஃபைல் வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடுகிறது. தணிக்கைக்காரர்களுக்கு எங்கே போனாலும் இந்த உபசாரம்தான்.

நேற்று முன்தினம் ஒரு மேட்டுக் குடியிருப்புக்குக் குழாய் பதித்த வேலையின் அளவுப் புத்தகம் வந்தது. திறந்தால் உன் கையெழுத்து. நீ அந்தக் கோட்டத்தில் பொறியாளராக எட்டு மாதம் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்து மேஜைக்காரியிடம், "பாருங்க, என் தம்பி கையெழுத்து" என்று பெருமையடித்துக்கொண்டேன். பதினான்கு இடங்களில் தோண்டிப் பார்த்து, குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று நேரில் அளந்ததாக எழுதியிருக்கிறாய். மூன்றடி, மூன்றடி, மூன்றடி. பதினான்கு தடவையும் மூன்றடி. அதற்கப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். போன வருடம் மார்ச் 29.

நாம் அம்மாவை எடுத்த நாள், சின்னவனே. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போக வேண்டிய குடியிருப்பில் பதினான்கு குழிகளை எப்போது அளந்தாய்?

சொந்தக்காரர் செய்த வேலையை நாங்கள் தணிக்கை செய்யக் கூடாது. எழுதிக் கொடுத்துவிட்டு ஃபைலை அடுத்தவரிடம் தள்ளியிருக்க வேண்டும். தள்ளும்போது தெரிந்ததையும் சொல்ல வேண்டுமே! அதனால் இழுப்பறையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை எழுது.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 11

அன்புள்ள துருவி அக்காவுக்கு,

நலம். அப்பாவும் நலம். தைலத்தை அவர் தேய்ப்பதில்லை, நான்தான் பிடித்து உட்காரவைத்துத் தேய்த்துவிடுகிறேன். சின்ன வயதில் என் புத்தகப் பையைச் சோதனை போட்டவள், இப்போது என் அளவுப் புத்தகத்தையும் விட்டுவைக்கவில்லை. உனக்கு அந்தப் பெயர் வைத்தது சரிதான்.

தேதி தவறிப்போய்விட்டது என்று எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உன்னிடம் அது எடுபடாது.

அன்று காண்டிராக்டரின் ஆள் கூட்டத்தோடு கூட்டமாக மாலையோடு வந்தார். மாலை இருந்த பையிலேயே புத்தகமும் இருந்தது. "இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான் சார். முப்பத்தொண்ணு தாண்டிட்டா பில்லு போகாது. பெரியவர்தான் அனுப்பினாரு" என்றார். பெரியவர் என்றால் எங்கள் செயற்பொறியாளர். கொல்லைப்புறத்தில் தண்ணீர்த் தொட்டி மேல் புத்தகத்தை வைத்து, அந்த ஆள் சொல்லச் சொல்ல எழுதினேன். அன்றைக்கு என்ன தேதியோ அதைப் போட்டேன். அந்தப் பக்கத்தில் உண்மை என்று ஒன்று இருந்தால் அது அந்தத் தேதிதான். அதில்தான் மாட்டிக்கொண்டேன் பார்.

குழாய் பதித்தது நிஜம் அக்கா. லாரியில் குழாய் போனதை நானே பார்த்தேன். கணக்கு வருடக் கடைசியில் எல்லாரும் செய்வதுதான் இது. பதவி உயர்வுப் பட்டியலில் நான் நான்காவது ஆள். பாப்பாவுக்கு அடுத்த வருடம் கல்லூரி. அது என்ன நாள் என்று உன்னைத் தவிர அந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது. உன் காலில் விழுந்து கேட்கிறேன், பக்கத்தைத் திருப்பிவிடு.

உன்,
சின்னவன்

*

ஜூன் 16

அன்புள்ள சின்னவனுக்கு,

திருப்பிவிட்டேன்.

எங்கள் தாளில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் "குறிப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு வருடங்களில் ஆயிரம் தடவை எழுதிய இரண்டு சொற்கள்தான். நேற்று எழுதும்போது பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரி, "தம்பி வேலை எப்படி?" என்று கேட்டாள். "அவனா, படு சுத்தம்" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அம்மாவுக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பொய். "இவ தம்பிதானே" என்று யாரும் என்னைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்கிற பயம்தான் பாதி.

எனக்காக ஒன்று செய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஓர் இடத்திலாவது தோண்டிப் பார்த்து எழுது. மூன்றடி இருந்தது என்று நீ எழுதினால் நான் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடுவேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கொள். பதவி உயர்வு வந்துவிட்டது! அப்பா தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாப்பா உன்னிடம் கைக்கடிகாரம் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன், இனி உன் பாடு.

நீ சொன்ன வேலையை மறக்கவில்லை. மழை கொஞ்சம் விடட்டும், போய்ப் பார்த்து எழுதுகிறேன். நீயும் அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன்,
சின்னவன்

*

ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

நீ போக மாட்டாய் என்று தெரிந்துபோயிற்று. நானே போய் வந்தேன். உன் அத்தானிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். பொய் இப்போது எனக்குச் சரளமாக வருகிறது.

பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் ஏற்றம். முதல் வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கும் ஒரு பெண். குழாய் எங்கே போகிறது என்று கேட்டேன். செருப்புக் காலால் சரளைக் கல்லைத் தள்ளிக் காட்டினாள். தோண்டவே வேண்டியிருக்கவில்லை. ஒரு சாண் ஆழத்தில் இருக்கிறது, பாதி இடங்களில் வெயிலில் கிடக்கிறது. நீ எழுதிய எட்டாவது இடத்துக்கு அப்பால் குழாயே இல்லை. மேல் வரிசையில் பதினொரு வீடுகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை. கீழ் வரிசையில் வண்டி ஏறி நசுங்கிய இடத்தில் சாக்கடை கலக்கிறது. அந்தப் பெண்ணின் மகளுக்கு இரண்டு மாதமாக மஞ்சள் காமாலை. பாப்பாவைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"புகார் எழுதிப் போடலையா?" என்று கேட்டேன். மிஷின் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். கோட்ட அலுவலகத்தின் பதில், ஜூலை மாதம் வந்தது. "மேற்படி பணி தணிக்கைக்கு உட்படுத்தப்பட்டு, குறை இல்லை என அறியப்பட்டுள்ளது." குறிப்பு இல்லை என்று நான் எழுதினேன். அவர்கள் அதைக் குறை இல்லை ஆக்கிவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன? எழுதும்போது நானும் அதைத்தானே சொல்ல நினைத்தேன்.

"ஆடிட்காரங்களே பாத்துட்டாங்களாம்மா. அதுக்கு மேல நாங்க என்னத்தப் பேசுறது?" என்றாள். நான்தான் அந்த ஆடிட்காரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சொம்பை நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க. பயப்படாதீங்க, காய்ச்சின தண்ணிதான்." குடித்துவிட்டு, யார் என்று சொல்லாமலே வந்துவிட்டேன். வாழ்க்கையில் நான் இப்படிக் கூசிப்போனதில்லை.

நான் செய்ததை எழுதி வருகிற வெள்ளிக்கிழமை என் மேலதிகாரியிடம் கொடுக்கப் போகிறேன். அந்தத் தேதி தப்பென்று எனக்கு எப்படித் தெரியும் என்றும் எழுத வேண்டும். அன்று எங்கள் அம்மாவை எடுத்தோம், என் தம்பி என் பக்கத்தில் இருந்தான் என்று எழுதுவேன். அதற்கு முன்னால் நீயாகவே போய் உன் துறையில் சொல்லிவிடு. உனக்காக நான் செய்யக்கூடியது இந்த ஐந்து நாள் மட்டும்தான்.

அக்கா

*

செப்டம்பர் 14

அக்காவுக்கு,

கொடுத்தேவிட்டாய். கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு எப்படித் தூங்குகிறாய்?

என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. நீ எழுதியது எல்லாம் நான் அன்று வீட்டில் இருந்தேன் என்கிற ஒன்றில்தான் நிற்கிறது. அதனால் இப்படி எழுதினேன்: "மேற்படி நாளில் நான் பணியிடத்தில் இருந்தேன். என் தாயாரின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளவில்லை."

பெரியவர்தான் யோசனை சொன்னார். வந்து போனவர்களை யார் தேடிப் பிடித்துக் கேட்கப் போகிறார்கள்? அப்பாவைக் கேட்பார்கள். நான் வரவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னால் அதை அவரிடம் கேட்க முடியவில்லை. நீ சொன்னால் கேட்பார். துக்கத்தில் சரியாக நினைவில்லை என்று நீயும் எழுதிக் கொடுத்துவிடு, இரண்டு பேரும் தப்பித்துக்கொள்ளலாம்.

தம்பி

*

செப்டம்பர் 18

தம்பிக்கு,

நகலை மூன்று தடவை படித்தேன். கையெழுத்து உன்னுடையதுதான்.

அப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன். ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், அவர் முகத்தைப் பார்த்து நீயே கேள்.

என் மேலும் விசாரணை. என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்து மேஜைக்காரி படிக்கட்டில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். அவள் எதற்குக் குனிய வேண்டும், நான் அல்லவா குனிய வேண்டும்.

அக்கா

*

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். அப்பாவால் மாடிப்படி ஏற முடியாது என்பதால் வந்தாராம்.

நான் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல மூன்று தடவை எதிரே போய் உட்கார்ந்தேன். மூன்று தடவையும் "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் நகல் அலமாரியில்தான் கிடந்தது. படித்திருக்கிறார்.

என்னை வெளியே இருக்கச் சொன்னார். சமையலறையில் நின்றேன். அப்பாவுக்குக் காது எவ்வளவு மந்தமாகிவிட்டது என்று உனக்குத் தெரியுமே, அதிகாரி கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. "உங்க வீட்டம்மாவ எடுத்த அன்னைக்கு உங்க மகன் இங்க இருந்தாரா?"

என் வீட்டுக்காரி குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வரல" என்றார் அப்பா.

"யாரு வரல?"

"என் மகன் வரல. வேல இருந்துச்சு. அதனால வரல."

அவரும் கத்தித்தானே பேசுவார். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்து நின்றார். அன்று வந்தவர்களுக்கெல்லாம் என்னோடு சேர்ந்து நாற்காலி போட்டவர் அவர். அக்கா, நானே எழுதிக் கொடுத்த வரிதான் அது. டைப் அடிக்கும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா வாயால் கேட்டபோது, பெற்றவளைத் தூக்கக்கூட வராதவன் என்று என் காதுபடவே ஊரெல்லாம் சொல்வது போல இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

"வந்தேன் சார். இங்கதான் இருந்தேன்" என்றேன். கொல்லைப்புறத்தில் எழுதியது, அந்த ஆள் சொன்ன எண்கள், பெரியவர் சொல்லிக்கொடுத்த விளக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. அம்மாவைக் கொண்டுபோன வண்டிக்கு வாடகை கொடுத்தது அந்தக் காண்டிராக்டரின் ஆள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் சொன்னேன்.

அதிகாரி எழுதிக்கொண்டே போனார். "அப்பா சொன்னத மட்டும் அடிச்சிடுங்க சார்" என்று கெஞ்சினேன். "அடிக்கிறதுக்கு இல்லைங்க. நீங்க சொல்றத வேணும்னா கீழ எழுதிக்கலாம்" என்றார். அப்படியே எழுதினார். மேலே அப்பா கையெழுத்து, கீழே என் கையெழுத்து. வேலை என்னவாகும் என்று தெரியவில்லை. அந்தக் குடியிருப்பை முழுக்கத் தோண்டிப் பார்க்க ஆள் அனுப்புகிறார்களாம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் அதிகாரியிடம் பேசியது எதுவும் அப்பாவுக்குக் கேட்கவில்லை. அதிகாரி போனதும் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "நான் சரியாத்தானேடா சொன்னேன்?"



சின்னவன்